கை டைட்

கும்பூருக்குக் கீழே, வாட்டில் மரங்கள் முடியும் சரிவில்
அருளானந்தத்தின் ஜீப் கிடக்கிறது.
பதினோரு மழை பார்த்துவிட்டது என்றார்.
ஃபேன் பெல்ட் ஓடிய தடத்தில் இப்போது ஒரு கொடி,
பெல்ட்டைவிட நன்றாகவே இறுக்கி.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று:
பின்சக்கரத்து ஹாஃப் ஷாஃப்ட். இடதுபக்கம்.
இந்த மாடலில் வலது குட்டை, இடது நெட்டை,
ஒன்றுக்கு ஒன்று உதவாது.
என் வண்டி நாலு நாளாகக் கவுஞ்சி வளைவில்
கல் அண்டை கொடுத்து நிற்கிறது.
கேரட் மூட்டைகளைக் குதிரையில் ஏற்றி அனுப்பினேன்.
குதிரைக்காரன் வாங்கின கூலியில்
ஒரு கிளட்ச் பிளேட்டே மாற்றியிருக்கலாம்.

விலையைக் குழந்தைவேலுவிடம்தான் பேசினார்.
"வண்டி யாருது?"
"பவளக்கொடி அக்காவுது."
"ஓட்டுறது?"
"அதுவும் அக்காதான்."
அதற்கப்புறம் விலை ஐந்நூறு ஏறியது.
என்னைப் பார்க்காமலே ஏற்றினார்.

சைலன்சர், தொட்டதும் முறுக்காக நொறுங்கியது.
ரேடியேட்டருக்குள் குளவி.
ஸ்பீடோமீட்டர் முள் முப்பதில் நிற்கிறது;
கிடக்கிற வண்டிக்கு எதற்கு முப்பது?
கண்ணாடிக்குக் கீழே வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கர்,
முகம் வெளிறி, சேலையின் நீலம் மட்டும் பாக்கி.
டூல்ஸ் பெட்டியில் ஒரு கரண்ட் பில்,
எழுபத்து மூன்று ரூபாய்,
கட்டியாச்சு என்று முத்திரை.

வலது பக்கம்தான் கைக்கு எட்டியது.
இடது பக்கம் மண்ணில் சாய்ந்திருந்தது.
சும்மா பார்ப்போம் என்று வலது ஹப்பில் ஸ்பேனரை வைத்தேன்.
ஸ்பேனருக்கு வேலையே இல்லை.
போல்ட் விரலோடு சுற்றி வந்தது.
இரண்டாவதும். ஆறும்.
எல்லாவற்றின் மரையிலும் கிரீஸ்,
காய்ந்து தேன்மெழுகு நிறத்தில்.

உள்ளே ஷாஃப்ட் இல்லை.
யாரோ முன்னாலேயே வந்து போயிருக்கிறார்கள்.
குழந்தைவேலு கெட்ட வார்த்தை சொன்னான்.
எனக்கும் வாயில் வந்தது,
கையிலிருந்த போல்ட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டது.
எடுத்துப் போனவன் எடுத்ததோடு போகவில்லை.
ஆறையும் துடைத்து, கிரீஸ் தடவி,
அதனதன் துளையிலேயே
கை டைட்டாக வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.
இந்தக் காட்டில், செத்த வண்டிக்கு.

பிறகு ஜாக்கி. ஜாக்கிக்கு அடியில் பலகை.
பலகை சேற்றில் இறங்க, அதற்கடியில் இன்னொரு பலகை.
இடது பக்கத்தை யாரும் தொட்டதில்லை.
போல்ட் தலைகளின் ஆறு முனையும் தேய்ந்து
உருண்டைக்குத் தயாராக இருந்தன.
மண்ணெண்ணெய் ஊற்றினோம்.
மேகம் உள்ளே வந்தது. ஜீப் மறைந்தது.
குழந்தைவேலுவின் பீடி நுனி மட்டும் தெரிந்தது.
மேகம் போனது. மறுபடி சுத்தியல்.

முதல் போல்ட் அசைந்தபோது
பல் பிடுங்கும்போது காதுக்குள் ஒரு சத்தம் கேட்குமே,
அது இங்கே வெளியே கேட்டது.

மூன்று மணிக்கு ஷாஃப்ட் வெளியே வந்தது,
பச்சைக் குழந்தை மாதிரி கிரீஸ் பூசி, கனத்து.
விரல் நகத்தால் பல்லிடுக்குகளை வழித்துப் பார்த்தேன்.
விரிசல் இல்லை.
துரு வெளியோடு நின்றிருக்கிறது.

"கிளம்பலாம்க்கா."
போல்ட்டுகளை எங்கே போட்டாய் என்றேன்.
புல்லைக் காட்டினான்.
"இதுல இன்னும் எடுக்க என்ன இருக்கு? எவன் வரப்போறான்?"
எனக்கும் தெரியாது.
முட்டி போட்டுத் தேடினேன்.
முனகிக்கொண்டே அவனும் தேடினான்.
ஐந்து கிடைத்தன.
ஒவ்வொன்றையும் வேஸ்ட் துணியால் துடைத்து
டப்பாவில் ஒட்டியிருந்த கிரீஸை வழித்துத் தடவி
துளையில் வைத்து விரலால் திருகினேன்.
ஆறாவது துளைக்கு ஒரு வாட்டில் குச்சியை ஒடித்துச் செருகினேன்,
தண்ணீர் இறங்காமல் இருக்க.

ஷாஃப்ட்டைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்தபோது
மேட்டிலிருந்து அருளானந்தம் கூப்பிட்டார்.
முன் லைட் நல்லா இருக்கு,
ஐம்பது ரூபாய்தான், வேணுமா என்று.

இந்தத் தடவை என்னிடம்தான் கேட்டார்.